ஸ்டூலையும் கேளுங்கள், சம்பளச் சீட்டையும் கேளுங்கள்

ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கும் மகளை ஏதாவது கோர்ஸ் படிக்கவைத்து வேறு வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர் பலர். தாராளமாகப் படிக்கவையுங்கள். ஆனால் அவள் விட்டுவந்த செக்‌ஷனில் மறுநாளே இன்னொரு வீட்டுப் பெண் வந்து நிற்பாள். திறன் பயிற்சி கொடுத்து ஆட்களை வெளியே அனுப்புவதைப் பற்றியே அரசும் பேசுகிறது, நாமும் பேசுகிறோம். அந்த வேலையையே மதிப்பாகச் செய்யக்கூடியதாக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில் உட்காரும் உரிமை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடத் தொடங்கி, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ரங்கநாதன் தெரு ஊழியர்களின் பாட்டைக் காட்டிய ‘அங்காடித் தெரு’ படம் வந்து பதினோரு ஆண்டு கழித்து! இன்றும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கும், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். காலில் நரம்பு சுருண்டு, பாத்ரூம் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் சிறுநீர்த் தொற்றில் அவதிப்படும் பெண்கள் எத்தனையோ பேர். உட்காரும் உரிமையைத் தனியாகக் கேட்காதீர்கள். செக்‌ஷனில் நாலைந்து பேர் சேர்ந்து, மேனேஜருக்கு எழுதிக்கொடுங்கள். நகலைக் கையில் வைத்திருங்கள்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பெண்ணின் அம்மா எந்தச் சேலையில் கண்ணை ஒரு நொடி கூடுதலாக வைக்கிறார் என்று பார்த்தே பட்ஜெட்டைக் கணிக்கிற பெண்தான் உங்கள் வியாபாரத்தை நடத்துகிறாள். கால் கடுக்கும்போது அவள் பத்தாவது சேலையைப் பிரித்துக் காட்டமாட்டாள். வேலை பழகியவள் ஆறு மாதத்தில் போய்விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்தது நேரம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் என்றால் ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. இதையெல்லாம் வாயால் சொன்னால் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. ஒரு நோட்டுப் போடுங்கள்: வந்த நேரம், கிளம்பிய நேரம், கையில் வந்த சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு என்று பிடித்த தொகை. அன்றன்றே எழுத வேண்டும். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டும் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். உங்களுக்குக் கூடியதா என்று அந்தச் சீட்டில்தான் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுத்த கூலியை மூன்றாண்டுக்குள் கேட்டு மனுப் போடலாம். அந்த நோட்டுதான் அப்போது சாட்சி. வேலையை விட்டால் இரண்டு வேலைநாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பங்கு 0.75 சதவீதம், கடை கட்டுவது 3.25 சதவீதம். மருத்துவம் மட்டுமல்ல, தகுதியான நாட்கள் பணம் கட்டியிருந்தால் நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். பிடித்தம் மட்டும் நடந்து கார்டு வராவிட்டால் உடனே இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள்.

கடையில் பேசிப் பலன் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: ஆய்வுக்குப் பகல் 11 மணிக்குப் போகாதீர்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் இரவு 9 மணிக்குப் போய், எத்தனை ஸ்டூல், எத்தனை பேர் காலையிலிருந்தே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.