அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஆடி பிறந்தால் தாம்பரம் மார்க்கெட் பக்கப் பாத்திரக் கடைகளில் ‘பழைய கேஸ் அடுப்பைக் கொடுத்துப் புதியதை வாங்கிச் செல்லுங்கள்’ என்று தட்டி வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வண்டலூர் வீட்டுக்கு வந்த என் மகள், “இதைத் தூக்கிப் போட்டுட்டு மூணு பர்னர் கிளாஸ் டாப் ஒண்ணு வாங்கிடலாம்மா” என்றாள். ‘இது’ என்றால் என் மாமியார் காலத்து இரண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு. ஒரு பர்னரில் மஞ்சள் தீ, இன்னொன்றின் திருகு இறுகிக் கிடந்தது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. அவள் பேச்சில் நியாயம் இருந்தது.

இருந்தாலும் நான் உடனே கிளம்பவில்லை. அடுப்பு மேலே எப்படி இருக்கிறது என்பதை வைத்து அதன் ஆயுளைச் சொல்ல முடியாது. பால் பொங்கிய கறை, சாம்பார் தெறித்த துரு, நிறம் மங்கிய ஸ்டீல் எல்லாம் கண்ணைத்தான் உறுத்தும். ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

கவிழ்த்தால் தெரிவது ரொம்ப எளிமையான ஏற்பாடு. முன்பக்கமாக ஒரு கேஸ் குழாய் ஓடுகிறது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வால்வு, அதன் நுனியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு பித்தளை ஜெட். ஜெட்டிலிருந்து பாயும் கேஸ், வழியில் காற்றை இழுத்துக்கொண்டு மிக்சிங் டியூப் வழியாக பர்னருக்குப் போகிறது. மஞ்சள் தீ என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மிக்சிங் டியூப் வாயில் ஒட்டடையோ கரப்பான்பூச்சி மிச்சமோ இருக்கும். இல்லாவிட்டால் கஞ்சி வழிந்து பர்னர் துளைகள் அடைபட்டிருக்கும். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் தோட்டத்தில் கேஸ் கிரில் வைத்திருக்கிறான். அதன் குழாயில் சிலந்தி கூடு கட்டித் தீ மஞ்சளாகிவிட்டதாம். அவனும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டான்: “சித்தி, மாத்தறதா, ரிப்பேர் பண்றதா?” இரண்டு வீட்டுக்கும் பதில் ஒன்றுதான்: தீ எரியும் உறுப்புகளை மாற்றலாம், கேஸைத் தாங்கும் உடம்பு கெட்டால் விட்டுவிட வேண்டும்.

எங்கள் அடுப்பில் கேஸ் குழாய் திடமாக இருந்தது. அடித்தகட்டில் மேலாகத்தான் துரு, சுரண்டினால் ஓட்டை விழவில்லை. கால்கள் ஆடவில்லை. பர்னர்கள் கனமான பித்தளை. இப்போது கடையில் கிடைக்கும் பல பர்னர்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கனம் இல்லை. ஆகவே சரிசெய்வது என்று முடிவாயிற்று.

தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு “குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர்” என்று போகிறவர்களிடம் குக்கர் கைப்பிடி போட்டுக்கொள்ளலாம். அடுப்பின் வால்வை அவர்களிடம் பிரிக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. ‘கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம்’ என்று கதவைத் தட்டி டியூபை விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அடையாள அட்டையைக் கேளுங்கள், உங்கள் ஏஜென்சிக்கு ஒரு போன் போடுங்கள். நான் ஏஜென்சி மூலமாகத்தான் மெக்கானிக்கை வரவழைத்தேன். நல்ல பையன். இறுகிய வால்வைக் கழற்றி, காய்ந்த கிரீஸைத் துடைத்து, சூடு தாங்கும் புது கிரீஸ் தடவினான். ஜெட்டைக் குண்டூசியால் குத்தலாமா என்று கேட்டேன். “குத்தவே குத்தாதீங்கம்மா. துளை பெருசாச்சுன்னா கேஸ் அதிகமா வரும், தீ வெளியில அலையும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். புது ஜெட்டே சல்லி விலைதான்” என்றான். இரண்டு ஜெட்டையும் மாற்றினோம். ஒரு மிக்சிங் டியூபில் விரிசல் இருந்தது, அதையும் மாற்றினோம். பர்னர்களைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளில் ஈரமில்லாமல் நன்றாகக் காயவைத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

கடைசியாக, வால்வு, டியூப் சேரும் இடங்களில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் இன்னமும் நம் ஊரில் இருக்கிறார்கள், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எல்லா அடுப்புக்கும் இந்தப் பதில் பொருந்தாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் தங்கை வீட்டு அடுப்பு தண்ணீருக்குள் கிடந்தது. வெளியே துடைத்து வைத்தால் புதிது போலத்தான் இருந்தது. கவிழ்த்தபோது மிக்சிங் டியூபுக்குள் சேறு, வால்வுக்குள் துரு, கேஸ் குழாயின் ஒட்டுப் போட்ட இடத்தில் அரிப்பு. அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடச் சொன்னேன். ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் கொடுத்து மாற்றினோம். அதன் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் சவ்வுதான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது, தண்ணீர் புகுந்த பிறகு அதை நம்பக் கூடாது. கிளாஸ் டாப்பில் கண்ணாடி ஓரம் தெறித்திருந்தாலும் இதே தீர்ப்புதான். அது பதப்படுத்திய கண்ணாடி, கீறல் விட்டால் ஒருநாள் மொத்தமாக நொறுங்கும். அந்த மாடலுக்கே உரிய கண்ணாடி கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் பசை போட்டு ஒட்டிச் சமைக்க வேண்டாம்.

காசுக் கணக்கும் பார்க்கத்தான் வேண்டும். ஐ.எஸ்.ஐ. தரத்துக்கு (ஐ.எஸ். 4246) உட்பட்ட அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அடைபட்ட பழைய அடுப்பு 60 சதவீதம்தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலையில் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 100 ரூபாய் வீண். வருடத்துக்கு எட்டு சிலிண்டர் வாங்கும் வீட்டில் 800 ரூபாய். ஆக, சரிசெய்யாமல் அப்படியே ஓட்டுவதுதான் மூன்று வழிகளிலும் நஷ்டமான வழி. நான் வைத்திருக்கும் வரம்பு இது: ரிப்பேர் செலவு புதிய அடுப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் புதியது வாங்கலாம். உதிரிபாகம் கிடைக்காத மாடல் என்றால் அந்தக் கணக்கே வேண்டாம்.

எங்கள் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலேயே, புதுப்பாக்கத்தில், பட்டர்ஃபிளை நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அடுப்பு செய்கிற ஊர்ப்பக்கம் குடியிருந்துகொண்டு புதியது வாங்காதே என்று நான் சொல்லவில்லை. வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், பர்னரைக் கையில் தூக்கிப் பாருங்கள், கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மூன்று பர்னர் வாங்கி மூன்றாவதின் மேல் எண்ணெய்த் தூக்கை வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். இரண்டு போதுமென்றால் இரண்டே வாங்குங்கள். குழாய் கேஸ் வரப்போகிறதே என்று அவசரப்பட்டும் வாங்க வேண்டாம். அதன் அழுத்தமும் சூடும் வேறு, ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கும், நல்ல நிலையில் உள்ள அடுப்பையே அதற்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பார்கள்.

பழைய அடுப்போ புதிய அடுப்போ, டியூபில் மட்டும் பேரம் வேண்டாம். உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபின் ஆயுள் 5 வருடம். தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், இன்றே ஒருமுறை பாருங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.