‘இன்ஹேலர் பழகிரும்’: எது பழகும், எது பழகாது?

பங்குனி, சித்திரையில் போடிப் பக்கம் இலவங்காய் வெடிக்கும். பஞ்சு பிரிக்கும் இடங்களில் தூசு பறக்கும். ஆனி பிறந்தால் மலையிலிருந்து காற்று இறங்கி, கம்பம் தொடங்கி ஆண்டிபட்டி வரை புழுதியைக் கிளப்பும். விடிகாலைக் குளிரில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மேலே இன்னொரு காற்று. பருவம் எதுவானாலும் இழுப்பு உள்ள வீடுகளில் ஒரு பேச்சு மட்டும் மாறாது: “இன்ஹேலரா? வேணாம்ப்பா, பழகிரும்.”

இந்தப் பயம் பாதி சரி. ஆனால் பயப்படுவது தப்பான மருந்தைப் பார்த்து.

இன்ஹேலர் என்பது மருந்தின் பெயரல்ல, மருந்தைக் கொண்டுபோகும் வண்டி. அதில் இரண்டு வகை ஏறிவருகின்றன. சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு விடும். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். புடசோனைட், பெக்லோமெத்தசோன் போன்றவை ஸ்டீராய்டுகள். குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடப்பதுதான் ஆஸ்துமாவின் மூலம். அந்த வீக்கத்தை இவை மெல்ல வற்றவைக்கும். இழுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

அங்கேதான் சிக்கல். “ரெண்டு வாரம் இழுத்தேன், ஒண்ணும் தெரியலை” என்று ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பரணில் போட்டுவிடுகிறோம். உடனே சுகம் தரும் சால்பியூட்டமாலோ வருஷக்கணக்கில் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. உண்மையில் ‘பழகும்’ என்று சொல்லத் தகுந்தது அதுதான். போதைப் பழக்கம் அல்ல. அடிக்கடி இழுக்க இழுக்க அதன் வேகம் மங்கும், அடியில் வீக்கம் பாட்டுக்கு வளரும். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்ய வேண்டாம் என்று ‘ஜீனா’ என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-இல் சொன்னது இதனால்தான். புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரை அது முன்னிறுத்துகிறது: இழுப்புக்கும் அதே, தடுப்புக்கும் அதே. இந்தியாவின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தச் சேர்க்கை இருக்கிறது.

“மாத்திரைதான் சாது, இன்ஹேலர் பவர் ஜாஸ்தி.” கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பியூட்டமால் ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 40 இழுப்பு. அத்தனையும் வயிறு, ரத்தம் என்று உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நெஞ்சுக்கு வர வேண்டும். கை நடுக்கமும் படபடப்பும் வேறெங்கிருந்து வரும்? தியோஃபிலின் மாத்திரை இதைவிடச் சிடுக்கானது. குணம் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. காய்ச்சலுக்கு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் கூடச் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.

ஊசி விஷயமும் இப்படித்தான். இன்ஹேலரில் உள்ள மைக்ரோகிராம் ஸ்டீராய்டுக்கு அஞ்சுகிறவர்கள், “ஒரு ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாயிரும்” என்று சந்தோஷமாகக் கையை நீட்டுவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, இரண்டும் ஸ்டீராய்டு! கடுமையான இழுப்பில் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும், மறுக்கவில்லை. மாதாமாதம் என்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும். இழுக்கும் ஸ்டீராய்டால் பிள்ளைகள் வளர்த்தி குறையுமா? பல ஆண்டு பயன்படுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம். இரவெல்லாம் இருமி, பள்ளிக்கூடம் போகாமல் கிடக்கும் பிள்ளைக்கு அது பெரிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆடாதோடைக் கஷாயத்தை நான் இளப்பம் பேச மாட்டேன். சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து அந்த இலையில் உள்ள வாசிசினிலிருந்து பிறந்ததுதான். ஆனால் சளி இளகுவது வேறு, குழாய் வீக்கம் வற்றுவது வேறு.

“இன்ஹேலர் எனக்குக் கேட்கலை” என்பவர்களிடம் எப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரோட்டாஹேலரில் போட வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கியவர்கள் உண்டு. பம்ப் வகையை அழுத்திய பிறகு மூச்சை இழுத்தால் மருந்து நாக்கிலேயே படியும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டினால் இந்தத் தாளம் தப்பாது. ஸ்டீராய்டு இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை பூக்கும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று கம்பம், கூடலூர்க்காரர்கள் நேரம் கடத்த வேண்டாம். கம்பத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. வண்டி வரும்வரை நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமாலை ஒவ்வொரு இழுப்பாக, நாலு முதல் பத்து இழுப்பு வரை கொடுங்கள். அடங்காவிட்டால் இருபது நிமிடம் கழித்து மறுபடியும்.