லினக்ஸ் போடும்போது வைஃபை வரவில்லையா?

விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய லெப்டொப்புகள் நம் கடைகளில் நிறைய உண்டு. புதிது வாங்குவதென்றால் சரக்கெடுக்கும் பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

மதுரங்குளியிலுள்ள எனது கடை லெப்டொப்பில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பென் ட்ரைவிலிருந்து இயக்கிப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தன. வைஃபை மட்டும் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் லினக்ஸைக் கைவிடுகிறார்கள், அல்லது வைஃபை கார்ட் பழுதென்று எண்ணிக் காசைச் செலவழிக்கிறார்கள்.

பெரும்பாலும் கார்டில் பழுதிருக்காது. வைஃபை சிப் இயங்க, லினக்ஸில் ட்ரைவரும், சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபேர்ம்வெயர் என்ற சிறு நிரலும் வேண்டும். ஃபேர்ம்வெயர் பெரும்பாலும் சிப் கம்பனியின் தனியுரிமை. அதனால் டெபியன் லினக்ஸ் அதை நெடுங்காலம் தனியே வைத்திருந்தது. 2023 இல் வந்த டெபியன் 12 இலிருந்துதான் நிறுவும் கோப்பிலேயே சேர்த்தது. ப்ரோட்கொம் சிப்புகள் சிலவற்றுக்கு இன்றும் தனி ட்ரைவர் போட வேண்டும்.

அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். இதற்கு வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

1. லெப்டொப்பின் வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறதா, ஏரோபிளேன் மோட் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் சிறியவையாக, இடைவெளியின்றி அடியுங்கள். வரும் பட்டியலில் பொதுவாக உங்கள் சிப்பின் பெயரும் இருக்கும்.

3. அன்ட்ரொய்ட் போனைக் கேபிளால் இணைத்து, செட்டிங்ஸில் 'யூ.எஸ்.பி. டெதரிங்'கைப் போடுங்கள். இன்டர்நெட் வந்துவிடும்.

4. உபுண்டுவில் 'அடிஷனல் ட்ரைவர்ஸ்', மின்ட்டில் 'ட்ரைவர் மேனேஜர்' பகுதியைத் திறந்து, காட்டப்படும் ட்ரைவரைத் தெரிவு செய்யுங்கள்.

5. அப்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டால் எழுதி வையுங்கள். மறுபடி இயக்கும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல்' என்பதைத் தெரிவு செய்து அதையே கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால் ட்ரைவர் ஏறாது.

இந்த வழியில் எனக்குச் செலவானது போன் டேட்டா மட்டுமே.

இன்னொன்று. கடைக் கணக்குகளை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வைஃபை, பிரின்டர், கணக்கு மென்பொருள் மூன்றும் லினக்ஸில் ஓடுகின்றனவா என்று பார்த்த பின்னரே விண்டோஸை அழியுங்கள். மாதிரி பார்த்துத்தானே மூட்டைக்கு விலை பேசுகிறோம்!