சிரிக்க வைத்தவனைப் பற்றி எப்படிப் பேசுவது?

மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து சபாக்களில் நடக்கும் அஞ்சலிக் கூட்டங்களுக்கு அடிக்கடி போகிற வயதுக்கு வந்துவிட்டேன். போனவர் நகைச்சுவைக்காரர் என்றால், மேடையேறுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "வாழ்நாள் முழுக்க நம்மைச் சிரிக்க வைத்தவர், இன்று அழ வைத்துவிட்டார்." 2019 ஜூன் 10 அன்று கிரேசி மோகன் காலமானபோதும் இதையே விதவிதமாகக் கேட்டேன். அவர் கையில் ஸ்கிரிப்ட் இருந்திருந்தால் முதல் ஒத்திகையிலேயே இந்த வரியை அடித்திருப்பார்.

என் நண்பனும் அந்த ரகம்தான். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒன்றாக வளர்ந்தோம். அமெச்சூர் நாடகங்களுக்கு அவன் எழுதுவான், செட்டும் வரைவான். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பேன். பெயர் அச்சில் வருவது அவன் வீட்டாருக்குப் பிடிக்காது, அதனால் 'அவன்' போதும். அவனுக்கான கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஜோக்கை மட்டும் சொல்லாதீர்கள், சந்தர்ப்பத்தோடு சொல்லுங்கள். மார்கழி சீசன், சபா கேன்டீன். சர்வர் வந்து, "கீரை வடை தீந்துபோச்சு சார்" என்றார். இவன் சட்டென்று, "உள்ளே பாகவதர் இன்னும் வர்ணத்தையே முடிக்கலை, நீங்க அதுக்குள்ள மங்களம் பாடிட்டீங்களே!" என்றான். இப்படி எழுதினால் சுமாரான ஜோக். ஆனால் அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் டோக்கனோடு நின்றது சபா செயலாளர். இவன் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் அசராமல், "சார், நீங்க துக்கடா ஏதாவது கேட்டுப் பாருங்களேன்" என்றதும்தான் அந்த வரிசையே குலுங்கியது. செயலாளரைச் சொல்லாமல் வடையை மட்டும் சொல்லிப் பயனில்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சாம்பாருக்குள் மீன் விழுந்தது என்று வெறுமனே சொன்னால் யார் சிரிப்பார்கள்? அது கல்யாணச் சமையல், சமைப்பவர்கள் பாலக்காட்டு ஐயர்கள் என்பது தெரிந்தால்தானே வேடிக்கை.

அடுத்தது, பொருள்களைப் பற்றிப் பேசுங்கள். குணங்களை அடுக்கினால் கூட்டம் கொட்டாவி விடும். நான் அவன் வீட்டுக் கொலுவைச் சொன்னேன். வடக்கு மாட வீதியில் வாங்கிய தசாவதார செட்டை ஒரு வருடம் ரேஷன் கடை க்யூவில் நிற்க வைத்துவிட்டான். செட்டியார் பொம்மைதான் கடைக்காரர், பக்கத்தில் 'பாமாயில் இல்லை' என்று ஒரு போர்டு. மச்சம் தொடங்கி கிருஷ்ணர் வரைக்கும் ஆளுக்கொரு துக்கடா கார்டு. கல்கி மட்டும் க்யூவில் இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பை, அதன் மேல் 'ஆள் வருவார்' என்று சீட்டு. அவன் அம்மா, "பகவானை இப்படியா நிக்க வைப்பே?" என்று திட்டிக்கொண்டே வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அந்த வருடம் சுண்டல் இரண்டாம் முறை வேக வைக்க வேண்டியிருந்தது.

கதை சேகரிக்கும்போது "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிடாதீர்கள். "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். "கடைசியா உங்ககிட்ட என்ன வம்பு பண்ணினான்?" என்று கேளுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரர் யோசிக்கவேயில்லை. சட்டைப் பையில் சீட்டு வைத்து அனுப்புவானாம்: 'உள்ளே ஆள் இல்லை. தைரியமாகத் தேய்க்கவும்.' சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாத கதை இது.

அவனைப் புனிதராக்கவும் வேண்டாம். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தந்த வரலாறு அவனுக்கு இல்லை. ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்ததும் இல்லை. இதைச் சொன்னபோதுதான் அரங்கமே அவனை அடையாளம் கண்டுகொண்டதுபோலத் தலையாட்டியது.

அவன் கைவேலைகள் வீட்டில் இறைந்து கிடந்தால் உடனே ஒழுங்குபடுத்துங்கள். ஹோட்டல் பில்லின் பின்பக்கம் படம் போடுகிற பழக்கம் அவனுக்கு. அந்த வழவழப்பான காகிதத்தில் பால்பாயின்ட் கோடு நிற்கிறது, முன்பக்கத்து அச்சு வெளிறிப்போகிறது; தேதியும் அதோடு போகும். படம் தெரிகிறபோதே போனில் எடுத்துவிட்டு, உத்தேச வருடத்தைப் பென்சிலில் குறித்துவையுங்கள். ஆசையாக லாமினேஷன் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் இருக்கும் அவன் குரல்பதிவுகளை இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். போன் மாற்றும்போது தொலைகிற முதல் சொத்து அதுதான்.

நினைவுகூர்வதற்கு மேடையே வேண்டும் என்பதும் இல்லை. இதில் எனக்கு குரு கிரேசி மோகன்தான். பள்ளியில் தன்னை நாடகத்துக்குள் இழுத்துவிட்ட ஆசிரியை ஜானகியின் பெயரைத் தன் கதாநாயகிகளுக்கு வைத்துக்கொண்டே இருந்தார். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) கௌதமி, 'அவ்வை சண்முகி' (1996) மீனா, 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) சினேகா, எல்லாரும் ஜானகி. டீச்சருக்கு அவர் தனியாக மலர் எதுவும் வெளியிட்டாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஊரே ஜானகி, ஜானகி என்று தியேட்டரில் கேட்டுவிட்டது. எங்கள் குழுவும் அதைப் பார்த்துத்தான் புது நாடகம் ஒவ்வொன்றிலும் லேட்டாக வரும் பாத்திரத்துக்கு அவன் பெயரை வைக்கிறது.

சிரிக்கலாமா என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு அவன் மனைவி, "அண்ணா, எல்லாரும் அழுது பேசினா அவருக்கே போர் அடிச்சு எழுந்து போயிடுவார்" என்றார். எல்லா வீட்டிலும் இந்தப் பதில் கிடைக்காது. பத்தாம் நாளிலேயே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. சில வீடுகளில் வருஷாப்திகம் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

மைக் செட்காரரிடம் கையில் பிடிக்கிற கார்ட்லெஸ் மைக் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லிவையுங்கள். இஸ்திரிக்காரர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மேடைக்கு வாங்க என்றால் செத்தாலும் வந்திருக்க மாட்டார்.