ஒப்புரவும் முன்னுதவியும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் கொடுத்தலையே பேசுவனவாயின், அவற்றை இரண்டாக வகுத்தது ஏன் என்னும் வினா மாணவர்க்கு எழுதல் இயல்பு. ஈகை இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடமையென உணர்ந்து செய்வது. முன்னதில் இரப்பவன் உண்டு. பின்னதில் இரப்பதற்கே இடமில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, துன்பம் முற்றுமுன் குடும்பங்களைத் தாங்குவதில் ஊர்ச் சங்கங்களுக்குள்ள பங்கினைக் கல்முனைக் கரையிலுள்ள சாய்ந்தமருதை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் உறவும்

சாய்ந்தமருது, வடக்கே கல்முனைக்குடிக்கும் தெற்கே மாளிகைக்காடு, காரைதீவு ஆகியவற்றிற்கும் இடையே, கிழக்கில் கடலும் மேற்கில் வயலுமாக அமைந்த ஊர். மீன்பிடியும் வேளாண்மையும் வணிகமும் இங்குள்ளோர் தொழில்கள். இக்கரையில் வாழும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும், மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வதும் மரபு. ஆதலால் தாயின் வளவும் மகளின் வளவும் பெரும்பாலும் அருகருகே அமையும். பிள்ளைப்பேறு, நோய், தொழிலின்மை ஆகிய காலங்களில் முதல் உதவி வேலிக்கு அப்பாலிருந்தே வந்துவிடும். பள்ளிவாசலின் மரைக்காயர் சபையும் குடிகளை அடியாகக் கொண்டு எழுந்ததே. ஒரு வீட்டின் இடர் ஊர்ப் பெரியோரின் செவிக்கு எட்டும் வழி இவ்வாறு முன்னமே வகுக்கப்பட்டிருந்தது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோள் இவ்வமைப்பை உலுக்கியது. இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. வெளியுதவி வந்து சேருமுன் காயமுற்றோரைத் தூக்கியவரும், இறந்தோரை அடக்கியவரும், பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் உலை வைத்தவரும் ஊரவரேயாவர். பின்னர் வந்த நிறுவனங்கள் பல. சில ஆண்டுகளில் அவற்றுட் பெரும்பாலானவை மீண்டுவிட்டன. கரையோரக் குடும்பங்கள் சில பொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியிருப்புகளுக்குச் சென்றன. வீடு கிடைத்தது, ஆனால் தாயின் வளவு வேலிக்கு அப்பால் இல்லாது போயிற்று. இத்தகைய இடைவெளியை நிரப்புவதே இன்று சங்கங்களின் முதற்பணி எனலாம்.

முன்னறிதல்

உதவி முந்தவேண்டுமாயின் அறிவு முந்தவேண்டும். நம் கரையில் வரும் துன்பங்களுட் பல நாள் குறித்து வருவன. மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது தோணிகள் கரையேறிவிடும். முதலில் கடைக் கொப்பியில் கடன் ஏறும். அடுத்து நகை அடகுக்குப் போகும். அதன்பின் வட்டிக்குக் கடன். ஈற்றில் பிள்ளை பாடசாலைக்கு வாராது. இவ்வேணியின் கடைசிப் படியில் நிற்கும் குடும்பத்தைத் தூக்கிவிடப் பெரும்பொருள் வேண்டும். முதற்படியில் நிற்பதற்குச் சில கிலோ அரிசியும் சிறு கைமாற்றுமே போதும்.

கேரளத்து ஆலப்புழையில் 1990களில் இதற்கு ஓர் எளிய அளவுகோல் வகுத்தனர். மலசலகூடம் இன்மை, நல்ல குடிநீர் இன்மை, உழைப்பவர் ஒருவரே அல்லது எவருமிலர் ஆதல், நாளுக்கு இருவேளை உணவே உண்ணல், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை இருத்தல், குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் இருத்தல் முதலிய ஒன்பது குறிகளுள் நான்கு பொருந்தினால் அக்குடும்பம் இடரில் உள்ளதெனக் கொண்டனர். கணக்கெடுத்தவர் அயலிலுள்ள பெண்களே. இதுவே பின்னர் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயற்குழுக்களுக்கு வழிகாட்டியாயிற்று. வருமானத்தைக் கேட்டால் மறைப்பர். வாழும் நிலையை அயலார் கேளாமலே அறிவர். இவ்வுண்மையே அம்முறையின் வலிமை.

நம் நாட்டிலும் கண்கள் குறைவல்ல. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் வளர்ந்த முறையின்படி, குடும்பநல மாது வீடு தேடிச் சென்று கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கிறார். ஊரின் தாய்மார் ஆதரவுக் குழு அவருக்குத் துணை நிற்கின்றது. எடை குறையும் குழந்தையை அவர் காண்கிறார். மூன்று நாள் வாராத பிள்ளையை வரவு இடாப்பில் ஆசிரியர் காண்கிறார். கடன் பெருகுவதைக் கடைக்காரர் காண்கிறார். மூவரும் கண்டது ஓரிடத்திற் சேராமையே நம் குறை. சங்கம் அவ்விடமாதல் வேண்டும்.

உதவும் முறை

பொருளுதவிக்குப் பழைய வழிகள் உள. நாளும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தலும், பெண்கள் கூடிச் சீட்டுப் பிடித்தலும் நாம் அறிந்தவையே. இஸ்லாம் விதித்த ஸக்காத்தைப் பெறத்தக்க எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒருவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கடனில் மூழ்குவோனைக் கரை சேர்த்தல் அறத்தின் பகுதியென முன்னோர் கண்டனர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் உணவு விலை, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தில் மாதச் சம்பளம் பெறுவோரும் தடுமாறினர். அவர்கள் எவரிடமும் கைநீட்டிப் பழகாதவர். ஆதலின் அவர்தம் துன்பம் கடைசியிலேயே வெளிப்படும்.

எனினும் எல்லாத் துன்பமும் பொருளால் தீர்வதன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1973இல் மார்கரெட் ஹாரிசன் தொடங்கிய ‘ஹோம் ஸ்டார்ட்’ என்னும் அமைப்பில், பிள்ளை வளர்த்துப் பழகிய தொண்டர்கள் இளந்தாயரின் வீட்டிற்குச் சென்று துணையிருக்கின்றனர். சோர்ந்த தாய்க்கு உற்ற துணையே அங்கு உதவி. நம் மூதாட்டியர்க்கு இது புதிய கலையன்று.

மூன்று விதிகளைச் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, மறைபொருள் காத்தல். பொதி கொடுப்பதைப் படம்பிடித்துப் பலர் அறியக் காட்டும் உதவி, அடுத்த குடும்பத்தின் வாயை அடைத்துவிடும். இரண்டாவது, கட்சியும் குடியும் பாராமை. மூன்றாவது, தம் எல்லை அறிதல். வீட்டில் அடி உதை, பிள்ளைக்கு ஆபத்து, மனநோய் ஆகியவற்றைக் கண்டவிடத்து, சமரசம் பேசி மூடிவிடாது, வைத்தியரிடமும் உரிய உத்தியோகத்தரிடமும் சேர்ப்பித்தல் கடமை. தொண்டு அரசின் பணிக்கு வாயிலாகலாம், அதற்கு மாற்றாகாது.

பழைய மாணவர்க்கு

1958இல் கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவைக் கிராமத்திற்குச் சிரமதானம் செய்யச் சென்றார். சர்வோதய இயக்கம் அதிலிருந்தே முளைத்தது. சாய்ந்தமருதின் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளும், கல்வியையும் ஆதரவற்ற சிறாரின் காப்பையும் ஒருங்கே எண்ணியவரன்றோ? கல்லூரிகள் ஊர்த்தொண்டின் நாற்றுமேடைகளாதல் புதிதன்று.

ஆகவே விழாவிற்கென நாம் சேர்க்கும் பொருளில் ஒரு பங்கை ஒதுக்கி, மாரி தொடங்குமுன் கைமாற்று நிதியொன்றை அமைப்போமாக. வாராத பிள்ளையின் வீட்டிற்கு மூன்றாம் நாளே ஒருவர் செல்லட்டும். எந்நிறத்தார், எம்மதத்தார் என்னாது, குறிப்பேட்டில் பெயரின்றி எண்ணே இருக்கட்டும். ஒரு பிள்ளை இடைநில்லாது பத்தாம் வகுப்பைத் தாண்டுமாயின், அதனினும் சிறந்த விழாமலர் நமக்கு வேண்டுவதில்லை.