பச்சை விளக்கை நம்பலாமா?

மோட்டார் சைக்கிளின் மீட்டரில் நான்கைந்து சிறு விளக்குகள் உள்ளன. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தால் பேசுவன அவை. நாள்தோறும் அவற்றைப் பார்க்கிறோம். ஆனால் அவை சொல்வதைக் கேட்கிறோமா? நான் கேளாதவனாகவே இருந்தேன். அதனால் விளைந்த துன்பத்தையும், அதன் பயனாகக் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். மின்னியல் பயிலாத நண்பர்களுக்கும் இது விளங்கும்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழையில் திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. என் அறையின் முன் நிறுத்தியிருந்த வண்டி பாதிச் சக்கரம் வரை நீரில் நின்றது. நீர் வடிந்தபின் கழுவினேன், எண்ணெய் மாற்றினேன், வண்டி ஓடியது. சில வாரங்களுக்குப் பின் ஒரு புதுமை கண்டேன். நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு, நான்காம் கியரில் செல்லும்போதும் அணையாமல் எரிந்தது. ‘எரியாவிட்டால் அன்றோ கவலை!’ என்று அதை விட்டுவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓட்டிச் சித்தூரில் எங்கள் வீட்டை அடைந்தேன். வாசல் சரிவானது, ஆதலால் இரவில் வண்டியை முதல் கியரில் நிறுத்தினேன். காலையில் அதை மறந்தேன். தங்கை வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தாள். நான் வண்டியில் அமர்ந்து சாவியைத் திருப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது. கிளட்சைப் பிடிக்காமலே பொத்தானை அழுத்தினேன். வண்டி முன்னே தாவியது. சக்கரம் அவள் கணுக்காலில் மோதியது. எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

“பார்த்துத்தானே ஸ்டார்ட் செய்தாய், அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். பார்த்துத்தான் செய்தேன். அதுவே என்னை வருத்தியது. பார்த்தும் ஏமாந்தது எவ்வாறு?

திருப்பதியில் ஒரு மெக்கானிக் அதை விளக்கினார். பச்சை விளக்கின் ஒரு முனைக்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி ஆகியவற்றின் வழியாக மின்சாரம் வருகிறது. மறு முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் கியர்ப்பெட்டியில் உள்ள நியூட்ரல் சுவிட்சுக்குச் செல்கிறது. வண்டி நியூட்ரலில் இருக்கும்போது அந்தச் சுவிட்சு வயரை இன்ஜினின் உலோக உடலோடு இணைக்கிறது. உலோக உடல் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்தது. ஆகவே சுற்று நிறைவடைகிறது, விளக்கு எரிகிறது.

இதன் பொருள் என்ன? விளக்குக்குக் கியர் தெரியாது. வயர் உலோகத்தைத் தொடுகிறதா என்பது ஒன்றே தெரியும். என் வண்டியில் செயின் பற்சக்கர மூடிக்குள் வெள்ளச்சேறு இறுகி, வயரைச் செயின்மேல் தள்ளியிருந்தது. செயின் உரசி மேலுறை தேய்ந்தது. செம்புக்கம்பி இன்ஜின் உடலைத் தொட்டது. “விளக்குமேல் குற்றமில்லை, தம்பி, அதற்கு வந்த சேதிதான் பொய்” என்றார் அவர். பல வண்டிகளில், கிளட்சு பிடிக்காதபோது ஸ்டார்ட்டரை அனுமதிக்கலாமா என்பதும் இதே வயரைக் கொண்டே முடிவாகிறது. ஆகவே ஒரு பொய் என்னையும் ஏமாற்றியது, ஸ்டார்ட்டரையும் ஏமாற்றியது.

இனி, பழுதைக் காணும் முறையைப் பார்ப்போம். ஊகித்துத் தேடலாகாது, வரிசையாகத் தேடவேண்டும்.

முதலாவது பேட்டரி. எல்லா விளக்குகளும் மங்கினால் குறை இங்கேதான். நிறைந்த 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறாவிடில் மின்னேற்றம் நடைபெறவில்லை. நம் கரகம்பாடியிலேயே பெரிய பேட்டரித் தொழிற்சாலை உண்டு. அதனால் நம் பேட்டரி தானே நிறைந்துவிடாது!

இரண்டாவது ஃபியூஸ். விளக்குகள் யாவும் ஒருசேர அணைந்தால் இதைப் பார்க்க. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே இடுக. கம்பித்துண்டைச் சுற்றுவது தீயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

மூன்றாவது, தனி ஒரு விளக்கின் குறை. நியூட்ரல் விளக்கையே எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பி, சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றுக. கழற்றிய பின்னும் விளக்கு எரிந்தால், வழியில் எங்கோ வயர் உலோகத்தைத் தொடுகிறது. அணைந்தால் வயர் நலமே. கியரில் இருந்தும் எரிந்ததற்குச் சுவிட்சே காரணம். விளக்கு எரியவே இல்லை என்றால், கழற்றிய முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுக. எரிந்தால் சுவிட்சு பழுது. எரியாவிடில் பல்பு, அதன் பிடிப்பு, வயர் ஆகியவற்றைப் பார்க்க. இதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் தங்கைக்கு ஆறு வாரம் மிஞ்சியிருக்கும்.

நான்காவது, திரும்பும் திசையைக் காட்டும் விளக்கு. முன்னும் பின்னும் 10 வாட் பல்பு ஒவ்வொன்று எரிந்தால் மொத்தம் 20 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 ஆம்பியர். ஒரு பல்பு போனால் மின்னோட்டம் பாதியாகும். அப்போது பல வண்டிகளில் மீட்டர் விளக்கு படபடவென்று வேகமாகச் சிமிட்டும். சில பழைய வண்டிகளில் சிமிட்டாமலே நின்று எரியும். இரண்டும் ஒரே செய்திதான்: பின்னால் வரும் லாரிக்கு நம் திருப்பம் தெரியாமற் போகலாம்.

எண்ணெய் அழுத்த விளக்கு உள்ள வண்டியில், ஓடும்போது அது சிவந்தால் உடனே இன்ஜினை நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்கவேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் மஞ்சள் விளக்கு சாவி திருப்பியதும் எரிந்து, வண்டி சற்று நகர்ந்தபின் அணையவேண்டும். அணையாவிடில் சக்கரத்தருகே உள்ள உணரியில் சேறு படிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். கண்ணை உறுத்துகிறதென்று விளக்கின்மேல் நாடா ஒட்டுவோரும் உளர். அவர்கள் மருத்துவரின் வாயைக் கட்டிவிட்டு நோய் தீர்ந்தது என்பவர்கள்.

நண்பர்களே, எரியும் விளக்கெல்லாம் உண்மை பேசுவதில்லை. அணைந்த விளக்கெல்லாம் நலம் கூறுவதுமில்லை. எரியவேண்டிய நேரத்தில் எரிந்து, அணையவேண்டிய நேரத்தில் அணையும் விளக்கே நம்பத்தக்கது. இன்று நான் சாவியைத் திருப்புமுன் வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கிறேன். பச்சை எரிந்தாலும் கிளட்சைப் பிடித்தே பொத்தானை அழுத்துகிறேன். தங்கை இப்போது நன்றாக நடக்கிறாள். ஆயினும் நான் வண்டியில் ஏறினால், கோலமாவுக் கிண்ணத்தோடு திண்ணைக்கு ஏறிவிடுகிறாள். அவள் முழு நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு இன்னும் காலம் ஆகும்.