மணம் தரும் மரப்பிசின்கள்

மாணவர்களே!

வீட்டில் சாம்பிராணி இடும்பொழுது எழும் நறுமணத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். அது மரத்தின் காயத்திலிருந்து பிறக்கும் பொருள் என்பதை அறிவீர்களா?

மரப்பிசின்களுள் இருவகை உண்டு. கருவேலம் பிசின் நீரில் கரையும், ஒட்டுவதற்குப் பயன்படும். சாம்பிராணி போன்றவை நீரில் கரையா, ஆல்கஹாலில் கரையும். நறுமணத் தைலம் செய்வோர் நாடுவது இவ்விரண்டாம் வகையையே.

அவர்கள் இதனை நாடுவது ஏன்? எலுமிச்சைத் தோலை நசுக்கினால் மணம் உடனே எழுகின்றது. விரைவில் மறைந்தும் விடுகின்றது. அதன் நுண்துகள்கள் இலேசானவை. ஆதலின் எளிதில் ஆவியாகின்றன. பிசினின் துகள்களோ கனமானவை; மெல்லவே ஆவியாகும். மலர்த் தைலத்துடன் பிசினைச் சேர்த்தால், அது மற்ற மணங்களையும் விரைவில் பறந்துவிடாமல் பிடித்து நிறுத்துகின்றது. பிசின் தன் மணத்தைத் தருவதோடு பிற மணங்களுக்கும் காவலாக நிற்கின்றது எனலாம்.

சாம்பிராணி

மலாய் மொழியில் இதனைக் ‘கெமெஞான்’ என்பர். சுமத்ரா தீவின் வடபகுதி மலைகளில் பாத்தாக் மக்கள் இம்மரத்தைப் பேணி வருகின்றனர். மரப்பட்டையைக் கத்தியால் கீறிவிட்டுச் சில மாதங்கள் காத்திருப்பர். காயத்தில் ஊறும் பிசின் இறுகியதும் சுரண்டி எடுப்பர். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை இது நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர் மரத்தில் பால் முன்னரே இருக்கின்றது. சாம்பிராணியோ காயம்பட்ட பின்னரே தோன்றுகின்றது. அது மரம் தன் புண்ணுக்குத் தானே இட்டுக்கொள்ளும் மருந்தாகும்.

அராபிய வணிகர் இதனை ‘லுபான் ஜாவி’, அதாவது சாவகத்துக் குந்துருக்கம் என்றனர். அப்பெயரே ஐரோப்பியர் நாவில் திரிந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. இன்று வேதியியலில் வழங்கும் ‘பென்சீன்’ என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே.

அகில்

நம் மலேசியக் காடுகளில் வளரும் அகில் மரத்தைக் ‘காராஸ்’ என்றும், அதன் மணக்கட்டையைக் ‘கஹாரு’ என்றும் அழைப்பர். இதன் அறிவியற் பெயரிலேயே மலாக்காவின் பெயர் அமைந்துள்ளது. கப்பல்களில் வந்திறங்கிய பொருள்களுள் அகிலையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. சங்ககால மகளிர் தம் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினர்.

நலமான அகில் மரம் வெளிறியது, இலேசானது, மணமற்றது. காயம்பட்டுப் பூஞ்சை புகுந்தால்தான் மரம் கருநிறப் பிசினைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கின்றது. பிசின் மிகுந்த கட்டை நீரில் மூழ்கும். அதனால் சீனர் இதனை ‘மூழ்கும் மணம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைக்கின்றனர். இக்கட்டையைக் காய்ச்சி வடித்த தைலத்தை அராபியர் பெரிதும் விரும்புவர்.

இங்கேதான் துன்பம் தொடங்குகின்றது. சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கீறினால் போதும், மரம் உயிரோடிருக்கும். அகிற்பிசினோ கட்டையினுள்ளே உறைந்து கிடக்கின்றது. எல்லா மரங்களிலும் அது இருப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்து அறிவதும் எளிதன்று. காட்டையும் மரத்தையும் நன்கறிந்தவர் குறிப்பறிந்து தேர்ந்தெடுப்பர். அறியாதவரோ பேராசையால் கண்ட மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தனர். மணமற்ற மரங்களும் வீணே மாண்டன.

‘சைட்டீஸ்’ என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் இதன் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் விதி 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள மரமாக வகைப்படுத்தியது. இன்று தோட்டங்களில் அகில் மரத்தை நட்டு, துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசினை விளைவிக்கின்றனர். நட்டு வளர்த்ததை வெட்டி மீண்டும் நடலாம். காட்டு மரத்தைக் காட்டிலேயே விட்டுவைக்கலாம்.

மாணவர்களே! இரண்டு மரங்களும் தம் காயத்தையே மணமாக்கித் தருகின்றன. பெறுகின்ற நாம் அளவறிந்து பெறுதல் வேண்டும். விதை தரும் தாய்மரம் காட்டில் நின்றால்தான், வருங்கால மக்களும் அகிலின் மணத்தை நுகர்வர்.